இன்னிக்கும் தொடல

எலி வெந்நீரில் கிடந்தது. கவரோடு, கவர் வாயை ரப்பர் பேண்டால் இறுக்கி, கைப்பிடி போன அலுமினியப் போசியில். இருபது நிமிஷம் என்று மகன் திவாகர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். முன்னால் எடுத்தால் வயிற்றுக்குள் ஐஸ் இருக்கும், மறந்து விட்டுவிட்டால் வெந்துபோகும், வெந்த எலியைப் பாம்பு சீந்தாது. வேகாத எலியை மட்டும் சீந்திக் கிழித்துவிட்டதாக்கும் என்று கருணாம்பாள் நினைத்துக்கொண்டாள். பின்கட்டில் துவைக்கிற கல்லின் மேல் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து போசியையும் சுவர் நிழலையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். நாலரைக்கு மகன் கூப்பிடுவான். ஜெர்மனியில் அப்போது மத்தியானம் ஒரு மணி, ஆபீசில் சாப்பாட்டு நேரம், புதன்கிழமை தவறமாட்டான், பதினாலு புதன்கிழமையாகத் தவறவில்லை. போனில் முகம் தெரிந்ததும் கேட்கிற முதல் கேள்வி, "சாப்ட்டானாம்மா?" அம்மா சாப்பிட்டாளா என்றல்ல, அப்பா சாப்பிட்டாரா என்றல்ல, பாம்பு சாப்பிட்டதா என்று. அவளும் பதினாலு தடவை, "இல்ல சாமி, இன்னிக்கும் தொடல" என்றிருக்கிறாள். தொடல என்ற சொல் விழுந்ததும் அவன் முகம் கிட்டத்தில் வரும், நெற்றியில் மூன்று கோடு விழும், தொட்டியில சூடு எத்தனை காட்டுது, அது பூந்துக்கற சட்டியை நகர்த்தினியா, தண்ணி மாத்தினியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பான், கால் மணி நேரம், சில நாள் இருபத்தைந்து நிமிஷம். அந்தக் கால் மணிக்காகத்தான் வாரத்தின் மற்ற பொழுதெல்லாம் நகர்கிறது என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவன் போகும்போது பாம்பு ஆயிரத்து ஐந்நூற்றுப் பத்து கிராம் இருந்தது, போன வாரம் ஆயிரத்து இருநூற்று எழுபது, முதுகெலும்பு மேடுகட்டித் தெரிகிறது, இப்படியே போனால் தை பிறப்பதைப் பார்க்காது. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் பொள்ளாச்சிக்காரர். இருபது முப்பது பாம்பு வளர்க்கிறவர், காகிதமெல்லாம் முறையாக வைத்திருப்பவர், திவாகர் அங்கிருந்தே அவரிடம் பேசி முடித்துவிட்டான். சாப்பிடாத பாம்பை எடுத்துப்போய் நான் என்ன செய்யட்டும், ஒரே ஒரு தடவை தின்றதை வீடியோ எடுத்து அனுப்புங்கள், மறுநாளே வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். "உனக்கும் தொல்ல உட்டுச்சும்மா" என்றான் திவாகர். தொல்லை விட்டது. தின்னாவிட்டால் பாம்பு போய்விடும், தின்றால் புதன்கிழமை போய்விடும். இவ்வளவு பச்சையாக அவள் தனக்குள்ளேகூடச் சொல்லிக்கொண்டதில்லை, இன்றைக்கு வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்கையில் வந்துவிட்டது.

வந்ததை விரட்ட வேறெதையாவது நினைக்க வேண்டும். பால். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, "பால் பைத்தான்மா, ஒண்ணும் பண்ணாது" என்றான். பால் என்றதும் அவளுக்குப் பாதிப் பயம் போய்விட்டது, புற்றுக்குப் பால் ஊற்றி வளர்ந்த குடும்பம், பால் குடிக்கிற பாம்பு என்றால் ஏதோ நம்ம வழக்கம் தெரிந்த பாம்பு. "அய்யோ, அது இங்கிலீஷ் பாலும்மா. பந்து. பயந்தா பந்தாட்டம் சுருண்டுக்கும்" என்று அவன் சொல்லத்தான் சொன்னான், ஆனால் முதலில் நுழைந்த சொல்தான் மனசில் உட்கார்ந்துகொண்டது. பேர் உருண்டை என்று அவன்தான் வைத்தான். பாம்பு என்று அவள் வாயால் சொல்லமாட்டாள், விளக்கு வைத்த பிறகு பூச்சி என்பாள், பகலில் அது என்பாள், இப்போது கொஞ்ச நாளாக அவன் என்று வருகிறது, எப்போது மாறியதென்று தெரியவில்லை. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, பக்கத்து வீட்டு வசந்தாமணியக்கா மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "பால் பைத்தானுன்னு பேர வெச்சுக்கிட்டு எலியக் காட்டுனா அது எப்படிக் கருணா திங்கும்? செவ்வாக்கெழமையாப் பாத்து ஒரு டம்ளர் பால ஊத்திப் பாரு, வேண்டாங்குதான்னு பாக்கலாம்" என்றாள். ஊற்றினாள். காய்ச்சி, ஆற்றி, ஆடை எடுத்து, அதன் தண்ணீர்த் தட்டில். மறுநாள் காலையில் பால் திரிந்து கிடந்தது, அது எதிர்மூலையில் மூஞ்சியை உள்ளே சொருகிச் சுருண்டு கிடந்தது, அறை முழுக்கப் புளிச்ச வாடை. புதன்கிழமை திவாகரிடம் சொன்னபோது அவன் சிரித்தான். ஜெர்மனி போன பிறகு முதல் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, பக்கத்தில் யாரையோ கூப்பிட்டுப் போனைக் காட்டி இங்கிலீஷில் என்னவோ சொல்லி மறுபடி சிரித்தான். ஒரு வெள்ளைக்காரப் பெண் கையை ஆட்டினாள், இவளும் ஆட்டினாள். பாம்புக்குப் பால் வார்த்த கதை என்று நன்றிகெட்டவர்களைச் சொல்வார்கள், பால் வார்த்ததற்கு அவளுக்குக் கிடைத்தது அந்தச் சிரிப்பு. இன்னொரு தடவை ஊற்றலாமா என்றுகூடத் தோன்றியது, ஒரே கோமாளித்தனத்துக்கு இரண்டு தடவை யார் சிரிப்பார்கள்.

பத்து நிமிஷம் ஆகியிருக்கும். உள்ளே டி.வி. ஓடுகிற சத்தம், அவர் செய்தி பார்க்கிறார், அர்த்தநாரிக்கு மில்லில் இருந்து ரிட்டையர் ஆனபிறகு உலகம் முழுக்க நடப்பது தெரியும், பக்கத்து அறையில் நடப்பதுதான் தெரியாது. அந்தப் பூச்சி இருக்கிற ரூமில் காலை வைக்கமாட்டேன் என்றவர் இன்றுவரை வைக்கவில்லை. மகன் கிளம்புகிற அன்றைக்கு, "போறவன் உன்ற பாம்பையும் தூக்கிட்டுப் போடா, பெத்தவங்கள மட்டும் உட்டுட்டுப் போனாப் பத்தாதா" என்றார், அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினான், இவர் வாசல்வரைகூட வரவில்லை, அத்தோடு அப்பனுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. ஆனால் புதன்கிழமை நாலரைக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் டி.வி. சத்தம் குறையும். யாரும் குறைக்கச் சொல்வதில்லை, அவரும் குறைத்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மாவா. திவாகரைக் குறை சொல்லியும் பிரயோஜனமில்லை, சின்னதில் இருந்தே அவன் அப்படித்தான், சோற்றைக் கண்டால் வாயைப் பூட்டிக்கொள்வான். இரண்டு வயதில் அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இந்தப் பின்கட்டிலேயே எத்தனை நடை நடந்திருப்பாள், ஒரு வாய் சாமி, ஒரே ஒரு வாய், மூக்கைப் பிடித்தால் வாய் திறக்கும், திறந்ததும் உள்ளே தள்ளிவிட வேண்டும், அவன் விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கி வைத்து அரை மணி கழித்துத் துப்புவான். மாமியார் பார்த்துவிட்டு, புள்ளைக்கு ஊட்டுறாளா புண்ணுக்கு மருந்து வெக்கறாளா என்பார். பாம்பு டாக்டரும் அப்படி ஊட்டத்தான் சொன்னார், ஆயிரத்து இருநூறுக்குக் கீழே இறங்கினால் கொண்டுவாருங்கள், வாயைத் திறந்து குழாய் வைத்து ஊட்டிவிடலாம் என்றார். வேண்டாம். அந்த வேலையை அவள் ஒருவனுக்குச் செய்து பார்த்துவிட்டாள், அவன் ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளிப்போய் உட்கார்ந்திருக்கிறான். பத்தாவது படிக்கையில் ஒருநாள் கையில் உருட்டி நீட்டிய சோற்றுக்கு முகத்தைத் திருப்பி, "உன்ற கையில எப்பப் பாத்தாலும் மஞ்ச வாசம்மா" என்றான். கிண்டலாகத்தான் சொன்னான். ஆனாலும் அன்றையிலிருந்து அவள் ஊட்டவில்லை, தட்டில் போட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடுவாள். அவனும் கூப்பிடவில்லை.

சில நாள் காலையில் அறைக் கதவைத் திறக்கப் பயமாக இருக்கும். உயிரோடு இருக்கிற பாம்பும் அசையாது, செத்த பாம்பும் அசையாது, எப்படித்தான் தெரிந்துகொள்வது. கண்ணாடித் தொட்டி மேல் குனிந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பாள், தோல் எங்கேயாவது ஏறி இறங்குகிறதா என்று, இறங்குகிற மாதிரியும் இருக்கும், தன் கண்தான் துடிக்கிறதோ என்றும் இருக்கும். ஒருநாள் தட்டிப் பார்த்தாள். மெல்ல, கதவு தட்டுவதுபோல. கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள்ளிருந்து நாக்கு மட்டும் வெளியே வந்து போனது, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினாலு எலியைக் கொண்டுபோய் நந்தியாவட்டைச் செடிக்கடியில் புதைத்திருக்கிறாள். "எலிக்கெல்லாம் கருமாதி பண்ற மொத ஊடு நம்ம ஊடுதான்" என்றார் அவர். போன வாரம் கேட்டார், "ஏனாம், இன்னும் வாயத் தொறக்கலியா? புரட்டாசி வெரதமோ என்னமோ, பெருமாளுக்கு வேண்டிக்கிட்டிருக்கும்." கேட்டதே அதிசயம். இந்த வீட்டில் புரட்டாசியில் கறி மீன் கிடையாது, முட்டைகூட ஏறாது, எலி மட்டும் பிரிட்ஜில் மாவுப் போசிக்கு மேல் ஐஸ் அறையில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் கிடக்கிறது, பெருமாள் அதைக் கணக்கில் சேர்ப்பாரா மாட்டாரா என்று அவளுக்கு ஒரு சந்தேகம், அதனால்தான் அடுப்படியில் வைத்துக்கொள்ளாமல் எல்லாவற்றையும் பின்கட்டிலேயே செய்கிறாள்.

இருபது ஆயிற்று. கவரைப் பிரித்து எலியை எடுத்தாள். வெதுவெதுவென்று, வெள்ளையாக, நாலு காலையும் மடக்கிக்கொண்டு. முதலில் இரண்டு வாரம் இதைத் தொடவே பழைய துணி வேண்டியிருந்தது, இப்போது கை கூசுவதில்லை. சுவர் மாடத்தில் எலிக்கென்றே ஒரு கல்லுப்புக் கிண்ணமும் ஒரு மஞ்சள்தூள் டப்பாவும் வைத்திருக்கிறாள். இரண்டு விரலால் மஞ்சளை எடுத்து மேலெல்லாம் தடவி, உப்பைப் போட்டு வயிறும் காதும் கால் இடுக்கும் தேய்த்து, குழாயைத் திறந்து மூன்று தண்ணி விட்டு அலசி, பழைய வேட்டித் துணியில் ஒற்றி எடுத்தாள். கை தானாகச் செய்தது, முப்பத்தைந்து வருஷமாகச் செய்கிற கை. காற்றில் ஒரு முடி வந்து மூக்கில் விழுந்தது, புறங்கையால் ஒதுக்கினாள், அப்போதுதான் அந்த வாசம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசம். மீன் கழுவி முடித்த கை வாசம். புரட்டாசியில் மீன் எடுத்தது யார் என்று முதலில் வசந்தாமணியக்கா வீட்டுப் பக்கம்தான் எட்டிப் பார்த்தாள், அங்கே கொடியில் துணிதான் காய்ந்தது. பிறகு விரலைப் பார்த்தாள். மஞ்சள். எலியைப் பார்த்தாள். காது ஓரமெல்லாம் இளமஞ்சள், மூன்று தண்ணிக்கும் போகாத மஞ்சள். முகர்ந்தாள். எலி வாடை இல்லை. மருந்துக்கும் இல்லை. மஞ்சளும் உப்பும்தான் மணத்தது, கல்யாண வீட்டுப் பந்திக்குப் போகிற மாதிரி. அது நாக்கால் முகரும்மா, வாசம் புடிச்சுத்தான் சாப்பாடுன்னு தெரிஞ்சுக்கும் என்று திவாகர் எத்தனை தடவை சொல்லியிருப்பான். பதினாலு வாரம். பதினாலு வாரமாக அவள் மஞ்சள் தேய்த்துக் குளிப்பாட்டிய ஏதோ ஒன்றை அதன் முன்னால் நீட்டியிருக்கிறாள், அது என்ன ஏதென்று தெரியாமல் முகத்தைத் திருப்பியிருக்கிறது. திருப்பாமல் என்ன செய்யும். அவனும் திருப்பத்தானே திருப்பினான்.

எழுந்து போய் அவன் அலமாரியில் ஒட்டி வைத்த காகிதத்தைப் படித்தாள். கவரோடு வெந்நீரில் இருபது நிமிடம் வைக்கவும். கவரில் இருந்து எடுக்கவும். இடுக்கியில் பிடித்துக் காட்டவும். கழுவவும் என்று இல்லை. கழுவ வேண்டாம் என்றும் இல்லை. எடுக்கவும் என்பதற்கும் பிடிக்கவும் என்பதற்கும் நடுவில் ஒரு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறான், அந்த இடத்தில்தான் அவள் உட்கார்ந்து கழுவியிருக்கிறாள். கறி என்று ஒன்று வாசல் ஏறினால் மஞ்சள் போட்டுக் கழுவாமல் யார் வாயிலாவது வைப்பார்களா, அது மனுஷர் வாயானால் என்ன, பூச்சி வாயானால் என்ன. அவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை, சூடு கேட்டான், வெளிச்சம் கேட்டான், சட்டி கேட்டான், கழுவினாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டாவது வாரமே தின்றிருக்கும். தின்றிருந்தால். அங்கே போய் நினைப்பு நின்றுவிட்டது. இரண்டாவது வாரமே தின்றிருந்தால் பொள்ளாச்சிக்காரர் மூன்றாவது வாரமே வந்திருப்பார். அவன் சேர்ந்ததும் ஒரு தடவை கூப்பிட்டு, வந்துட்டேம்மா, குளிரு ஜாஸ்தியா இருக்குது, வெக்கறேன் என்றானே, அதோடு முடிந்திருக்கும். அதற்கு முன்னால் பெங்களூரில் மூன்று வருஷம் வேலை பார்த்தானே, உருண்டையையும் கூட வைத்துக்கொண்டு, அப்போது மாதம் ஒரு போன் வந்தால் அது நோம்பி நாள். அப்போதும் பெற்றவள் இங்கேதான் இருந்தாள். இந்த மஞ்சள்தான் அவளுக்குப் பதினாலு புதன்கிழமை வாங்கிக் கொடுத்திருக்கிறது. தெரியாமல் செய்தது. இனிமேல் செய்தால் தெரிந்து செய்தது. அதை நினைத்ததும், ச்சே, என்ன பொம்பளை நான் என்று வாய்விட்டே சொன்னாள்.

பிரிட்ஜில் இருந்து இன்னொரு எலியை எடுத்து வந்து புது வெந்நீரில் போட்டாள். கழுவிய எலி துணிமேல் சிவனே என்று கிடந்தது. மணி மூன்றே கால். இருபது நிமிஷம். எத்தனை தடவை எழுந்து உட்கார்ந்தாளோ தெரியாது. ஒரு தடவை மஞ்சள் டப்பாவை எடுத்து அடுப்படியில் கொண்டுபோய் வைத்தாள். சும்மா கைக்கெட்டாமல் இருக்கட்டும் என்று. பிறகு போய் அது அங்கே இருக்கிறதா என்று பார்த்தாள். ஆயிரத்து இருநூற்று எழுபது. இன்றைக்கும் தின்னாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது, பாம்பு ஆறு மாசம்கூடத் தின்னாமல் கிடக்கும் என்று அவனே சொல்லியிருக்கிறான், இன்னும் ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா, ஒரே ஒரு வாரம், ஒரே ஒரு வாய் சாமி. இல்லை. பசிக்கிறவனுக்கு முன்னால் சோற்றை வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறேனே. முதுகெலும்பு மேடுகட்டிக் கிடக்கிறது. பெற்ற மனம் பித்து என்பார்கள், இது பித்தா, திருட்டா? பொள்ளாச்சிக்காரர் நல்லவராகத்தான் இருப்பார், அவர் வீட்டில் கழுவாமல் போடுவார்கள், நன்றாகத் தின்று உருண்டையாக இருக்கும். அறை காலியாகும், வீட்டுக்காரர் கால் வைப்பார், துணி மடித்து வைக்கலாம், தொட்டி இருந்த இடத்தில் தரையில் ஒரு சதுரம் வெள்ளையாகத் தெரியும். புதன்கிழமை நாலரைக்கு டி.வி. சத்தம் குறையாது.

எலியை எடுத்தாள். கழுவவில்லை. ரோமம் உலர்ந்து மெத்தென்று இருந்தது, அழுக்குத் துணி மாதிரி, தானியக் குதிர் மாதிரி ஒரு வாடை அடித்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி முகர்ந்து பார்த்து, மஞ்சள் போகவில்லை என்று பட்டதால் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டாள். இடுக்கியில் எலியின் முதுகைப் பிடித்துத் தொட்டி மூடியை நகர்த்தி உள்ளே நீட்டினாள். மண்சட்டிக்குள் இருட்டு. எப்போதும்போல் ஒன்றும் நடக்கவில்லை. கை வலித்தது. பிறகு நாக்கு வந்தது, போனது, வந்தது. தலை வந்தது. இதுவரைக்கும் அந்தத் தலை ஒரு தடவை முகர்ந்துவிட்டு மெல்லப் பின்னுக்குப் போகும், பந்தியில் உப்பில்லாத கூட்டைத் தள்ளி வைப்பவர்போல. இன்றைக்குப் போகவில்லை. கழுத்து வளைந்து எஸ் மாதிரி மடங்கியது. கண் அவளைப் பார்த்ததா எலியைப் பார்த்ததா தெரியவில்லை. நாலு விரல் அளவுக்கு முன்னால் வந்து அப்படியே நின்றது, நாக்கு மட்டும் போய்ப் போய் வந்தது, தின்னு சாமி, தின்னுடா என்று உள்ளுக்குள் யாரோ சொன்னார்கள், இன்னொருத்தி வேண்டாம் என்றாள், இரண்டும் அவள்தான்.

அடித்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை, இடுக்கி கையில் இருந்து பிடுங்கிக்கொண்டு போய்க் கண்ணாடியில் மோதியது, அவள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னால் கட்டில் மேல் விழுந்தாள். "என்னாச்சு? கடிச்சிருச்சா? ஏய், கருணா!" என்று அர்த்தநாரி ஓடி வந்து கதவருகில் நின்றார், ஒரு கால் நிலைக்கு வெளியே, ஒரு கால் உள்ளே. அவள் தொட்டியைக் காட்டினாள். அவர் அவளைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், அப்புறம் மற்றக் காலையும் உள்ளே வைத்தார். உருண்டை எலியை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தது.

"செத்த எலியப் போயி இந்தப் புடி புடிக்குது?" என்றார்.

"செத்ததுன்னு அதுக்குத் தெரியாதுங்க."

"இத்தன நாளு எதுக்குத் திங்கலையாம்?"

அவள் சொன்னாள். மஞ்சள், உப்பு, மூன்று தண்ணி. அவர் சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. "கழுவாம எப்படிக் குடுக்கறது" என்றார், ரொம்ப நியாயமான விஷயத்தைச் சொல்வதுபோல. பாம்பு மெல்லச் சுற்றை அவிழ்த்தது, எலியின் தலையைத் தேடியது, வாலில் இருந்து முகர்ந்துகொண்டே போய் மூக்கைக் கண்டுபிடித்தது. வாய் திறந்தது, திறந்தது, இவ்வளவு சின்னத் தலையில் இவ்வளவு வாய் எங்கே இருந்தது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. எலியின் காது போயிற்று, தோள் போயிற்று, வயிறு போயிற்று. கருணாம்பாள் அழுதுகொண்டிருந்தாள், அவளுக்கே அது கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

"வீடியோ எடுத்தியா?" என்றார்.

"இல்லீங்க."

"போனு அந்தா, கட்டல் மேல கெடக்குது." அவர் குரல் தணிந்திருந்தது. "இன்னும் வாலு வெளிய இருக்குது. இப்பக்கூட எடுக்கலாம்."

போன் அவள் கைக்கு ஒரு முழத்தில் கிடந்தது, அவருக்கு ஒன்றரை முழம். இருவரும் அதைப் பார்க்கவில்லை, வாலைப் பார்த்தார்கள். இளஞ்சிவப்பாக, நூல் மாதிரி, வாய் ஓரத்தில் தொங்கியது. கழுத்து ஒரு தரம் வளைந்து நிமிர்ந்தது, வால் பாதியாயிற்று. இன்னொரு தரம் வளைந்தது. அவ்வளவுதான். பாம்பு வாயை ஒரு பக்கமாகக் கோணி மூடிக்கொண்டு, கொட்டாவி விட்டு, நடுவுடம்பில் ஒரு புடைப்போடு சட்டிக்குள் போய்விட்டது. அர்த்தநாரி தொட்டியின் மூடியைத் தானே எடுத்துச் சரியாக வைத்துவிட்டு ஹாலுக்குப் போனார்.

நாலு இருபத்தைந்துக்கு டி.வி. சத்தம் குறைந்தது. அவள் முகம் கழுவி, தலையைத் தடவி விட்டுக்கொண்டு, சட்டி தெரியாதபடி தொட்டிக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்தாள். சொல்லிவிடலாம். சொன்னால் குதிப்பான், மஞ்சளா என்று விழுந்து விழுந்து சிரிப்பான், அந்த வெள்ளைக்காரப் பெண்ணைக் கூப்பிடுவான், அது ஒரு நாள் சிரிப்பு. சொல்லத்தான் வேண்டும், பிள்ளை அங்கே கவலைப்பட்டுச் சோறு இறங்காமல் கிடக்கிறான். போன் அடித்தது. திரையில் அவன் முகம், பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு சன்னல், கையில் ஒரு ரொட்டி, தாடி விட்டிருக்கிறான், கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது.

"சாப்ட்டானாம்மா?"

வாய் திறந்தது. உள்ளே இருந்து வந்தது எப்போதும் வருகிறதுதான், வேறு ஒன்றும் அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

"இல்ல சாமி. இன்னிக்கும் தொடல."

முகம் கிட்டத்தில் வந்தது. மூன்று கோடு விழுந்தது. "எட போட்டியா?" என்றான். "ஆயிரத்து இருநூத்தி அம்பது" என்றாள், எண் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. சூடு எத்தனை என்றான், சொன்னாள். சட்டியைக் காட்டு என்றான், உள்ளே போய்ப் படுத்துக்கிச்சு, இப்பக் கெளப்புனா பயந்துக்கும் என்றாள். அவன் ரொட்டியைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "நீ பயந்துக்காதம்மா" என்றான். "எல்லாம் கரெக்டாத்தான் பண்ற. அடுத்த புதன்கெழம சூட்ட ரெண்டு டிகிரி ஏத்திப் பாக்கலாம். அப்பவும் சாப்புடலீன்னா டிசம்பர்ல லீவு கேட்டுட்டு நானே வந்து பாக்கறேன்."

"வர்றியா?"

"வேற என்ன பண்றது? சாக உட முடியுமா?"

"சாக உட முடியாது சாமி" என்றாள். இருபத்தெட்டு நிமிஷம் பேசினான். இதுவரை பேசியதிலேயே அதுதான் அதிகம். வைக்கும்போது, "ரொட்டியத் தின்னு" என்றாள், "ம்" என்றான், திரை இருண்டது, அதில் அவள் முகம் தெரிந்தது, கவிழ்த்து வைத்தாள்.

அர்த்தநாரி கதவருகில் நின்றிருந்தார், எவ்வளவு நேரமாக என்று தெரியாது. டி.வி. சத்தம் இன்னும் கூடவில்லை. அவர் ஏதாவது சொல்லட்டும், பொய்க்காரி என்று சொல்லட்டும், அப்படிச் சொன்னால் இப்போதே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவாள், சத்தியமாகச் சொல்லிவிடுவாள் என்று அவள் காத்திருந்தாள். அவர் உள்ளே வந்து தொட்டிக்கு முன்னால் மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், முழங்கால் சொடக்கு விட்டது. சட்டிக்குள் இருட்டில் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டப்பாவுல எலி எத்தன இருக்குது?"

"ரெண்டுங்க."

"மார்கழி வரைக்கும் அது எந்த மூலைக்குப் பத்தும்?" என்றார். "எலிக்காரன் நெம்பரக் குடு. நாளைக்கு நானே போயி வாங்கியாரேன்."